வெளியே எழுதிய எண்

ஹம்சா மாமி எந்த நாற்காலியிலும் சட்டென்று உட்கார்ந்துவிட மாட்டாள். முதலில் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பாள். முதுகில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்த்து அடியில் பார்ப்பாள். கல்யாண மண்டபமானாலும் சரி, பல் டாக்டரின் வரவேற்பறையானாலும் சரி, பார்க்காமல் உட்கார அவளுக்கு மனசு வராது. ஒரு நிச்சயதார்த்தத்தில் பிள்ளை வீட்டு மாமியிடமே போய், "ஒரு நிமிஷம் எழுந்துக்கறேளா?" என்று கேட்டு, நாற்காலியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கதையை தில்லி ஆர்.கே.புரத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவள் தேடுவது ஓர் எண். மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் ஜெனரல் செக்‌ஷனில் மாமிக்கு வேலை. நாற்காலி, மேஜை, பீரோ, மேஜை விசிறி, தண்ணீர்க் கூஜா வைக்கும் ஸ்டூல், அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை எனாமல் பெயின்ட்டில் அமைச்சகத்தின் சுருக்கப் பெயர், அறை எண், வாங்கிய வருஷம், வரிசை எண் என்று நீளமாக எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை மாமி அறை அறையாகப் போய், எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்காது. நல்ல சுழல் நாற்காலிக்கு அரசாங்க ஆபீசில் கால் முளைத்துவிடும். சாயங்காலம் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரியின் அறையில் இருந்தது, காலையில் வேறு மாடியில் யாரோ ஓர் அண்டர் செக்ரட்டரியைத் தாங்கிக்கொண்டிருக்கும். மாமி அங்கே போய் வாயே திறக்க மாட்டாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பாள், அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர் தானாக எழுந்துவிடுவார்.

"நம்பர் இல்லாத நாற்காலி அனாதை. யார் வேணாத் தள்ளிண்டு போலாம்" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

வீட்டிலும் இதே கதைதான். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வாளிக்கு உண்டு. இஸ்திரிப் பெட்டிக்கு உண்டு. மலை மந்திர் முருகனுக்கு அன்னதானத்துக்கென்று இரவல் கொடுத்த கரண்டிகூட எண்ணோடு போய் எண்ணோடு திரும்பி வந்திருக்கிறது. அவள் கணவர் சங்கரநாராயணன் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மட்டும்தான் இந்த வீட்டில் எண் இல்லை, அதுவும் தூங்கும்போது எழுதிவிடப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் பயப்படுகிறார்கள்.

மாமி உட்காரும் இடம் அமைச்சகக் கட்டடத்தின் அடித்தளம். ஜன்னல் கிடையாது. உடைந்த நாற்காலிகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் ஒரு மூலையைத் தடுத்து அவளுக்கு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே மழையா வெயிலா என்பதை மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் கழித்துக் கீழே அனுப்பினார்கள், அப்படியே இருந்துவிட்டாள். மேலே வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை, இவளும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கூட வேலை செய்யும் ஜ்யோத்ஸ்னாவின் பெண்ணுக்கு சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் கல்யாணம் நடந்தது. மாமி ட்ரோனைப் பக்கத்தில் பார்த்தது அங்கேதான். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு விடவில்லை. அதை இயக்கிக்கொண்டிருந்தவனிடம் போய், "பையா, இது எவ்வளவு மேலே போகும், காத்துல ஆடாதா, கீழே இருக்கறவா அதுல எப்படித் தெரிவா" என்று தனக்குத் தெரிந்த ஆபீஸ் இந்தியில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். அவன் பதில் சொல்லிக்கொண்டே மாலை மாற்றுகிற கட்டத்தைக் கோட்டைவிட்டான். ஜ்யோத்ஸ்னா வீட்டு வீடியோவில் அந்த இடத்தில் ஒரு வேப்பமரத்து உச்சிதான் வருகிறது. அந்த வருஷ தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமி ஒரு சின்ன ட்ரோன் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிறச் சாமான்.

குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்று அதை ஏற்ற முடியாது. தலைநகரத்து வானம் அப்படி. ஒரு பக்கம் விமான நிலையம், மற்ற பக்கமெல்லாம் பெரிய மனிதர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், இதே பைத்தியம் பிடித்த ஷ்ரவண் என்ற பையனுடைய காரில் ஏறி ஹரியானா எல்லையைத் தாண்டிப் போவாள். அவன் குர்காவ் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். முப்பது வயது இருக்கும். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசுவான், படிக்க வராது. செங்கல் சூளைக்குப் பின்னால் தரிசாகக் கிடக்கும் ஒரு வயலில், சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கி, இவர்களைப் போலப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற சர்தார்ஜி ஒருவர்தான் குழுவுக்குத் தலைவர். மாமி கொண்டுபோகும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு அவர் அடிமை. அந்த இட்லி டப்பாவில் என்ன எண் எழுதியிருக்கிறது என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

மற்றவர்கள் ட்ரோனை வளைக்கிறார்கள், குட்டிக்கரணம் போடவைக்கிறார்கள், சூளைப் புகைக்குள் நுழைத்து எடுக்கிறார்கள். மாமி நேராக மேலே ஏற்றுவாள். ஓர் உயரத்தில் நிறுத்துவாள். அவ்வளவுதான். ரிமோட்டில் மாட்டியிருக்கும் போனில் வயலும் வரப்பும் சாலையும் தெரியும், நடுவில் புள்ளியாகத் தானும் தெரிவாள், பார்த்துக்கொண்டே நிற்பாள். காற்று தள்ளினால், "எங்கடா போறே? நில்லு" என்று அதட்டுவாள். பாட்டரி தீரும் வரைக்கும் இதேதான். எதற்கு இப்படிச் சும்மா நிறுத்தி வைக்கிறீர்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "வாரம் பூரா கீழேயேதானே இருக்கேன்" என்பாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைக் கல்யாண போட்டோவில்கூடத் தான் பார்த்ததில்லை என்று சங்கரநாராயணனே ஒப்புக்கொள்கிறார்.

ட்ரோனுக்குப் பதிவு எண் உண்டு. அரசாங்க வலைத்தளத்தில் பெயரும் விலாசமும் கொடுத்துப் பதிந்தால் கிடைப்பது. குழுவில் எல்லோரும் அதைப் பாட்டரி மூடிக்கு உள்ளே, திறந்தால் தெரிகிற மாதிரி எழுதி வைத்துவிட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போன குளிர்காலத்தில் சர்தார்ஜி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். இனிமேல் எண் வெளியே இருக்க வேண்டும், எதையும் திறக்காமல் பார்த்த மாத்திரத்தில் படிக்க முடிய வேண்டும், விதி அதுதான், பிடிக்காதவர்கள் இந்த வயலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ஆசை ஆசையாக வாங்கிய சாமானில் லாரிக்கு எழுதுகிற மாதிரி எழுதுவதா என்று ஷ்ரவணுக்கு ஒரே ஆற்றாமை. அவனுடையது பளபளவென்று கறுப்பாக இருக்கும்; பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒருவர் பென்சிலால் எறும்பு சைசில் எழுதிக் கொண்டுவந்து சர்தார்ஜியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமி ஒருத்திதான் வாயெல்லாம் பல்லாக இருந்தாள். இத்தனை நாள் எப்படி இதை விட்டுவைத்தார்கள் என்றுதான் அவளுக்கு ஆச்சரியம். "எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டறோமோல்லியோ? உள்ளேயா வெட்டறோம்?" என்று ஷ்ரவணிடம் நியாயம் கேட்டாள். அவனுக்கு அந்தப் பழக்கமே தெரியவில்லை. அவன் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். அவனும் கேட்டான், அம்மா பாத்திரத்தை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை மாமி வீட்டுக் கூடத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டாள். பீரோவுக்கு எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். முதலில் ப்ரைமர். காய்ந்ததும் வெள்ளை எனாமல். எழுதியது பதிவு எண் மட்டுமா? இல்லை. முதலில் தன் பெயரின் முதல் எழுத்துகள், ஒரு கோடு, குவார்ட்டர்ஸ் எண், ஒரு கோடு, வாங்கிய வருஷம், ஒரு கோடு, அப்புறம்தான் பதிவு எண். ஒரு கை பூசினால் உதிர்ந்துவிடும் என்று இரண்டு கை பூசினாள். இடம் பற்றாமல் வயிற்றுப் பக்கத்திலும் கொஞ்சம் போயிற்று. காய்ந்த பிறகு பார்த்தால் நிஜமாகவே ஓர் ஆபீஸ் பீரோவில் இருந்து உடைத்து எடுத்த துண்டைப் போல இருந்தது. மாமிக்குப் பரம திருப்தி.

மறுநாள் சர்தார்ஜி அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு காரில் இருந்து சமையலறைத் தராசை எடுத்துவந்து அதன்மேல் வைத்தார். ட்ரோன் இருநூற்றைம்பது கிராம் வரைக்கும் ஒரு வகை, அதற்குமேல் போனால் வேறு வகை. மாமியுடையது அந்த எல்லைக்கு மயிரிழை கீழே இருந்ததால்தான் சின்ன வகையில் பதிந்திருந்தாள். அரசாங்க பெயின்ட் ஏறியதும் எல்லையைத் தாண்டிவிட்டது. எண்ணை வெளியே எழுதச் சொன்ன விதிக்குத் தலைவணங்கப் போய் எடை விதியில் மாட்டிக்கொண்டாள். சர்தார்ஜி டீ புரையேறச் சிரித்தார். மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஷ்ரவணிடம் ஒரு பிளேடு வாங்கிக்கொண்டு கார் ஓரமாக உட்கார்ந்தாள். பெயரைச் சுரண்டினாள், குவார்ட்டர்ஸைச் சுரண்டினாள், வருஷத்தைச் சுரண்டினாள், வயிற்றுப் பக்கத்தை முழுக்கச் சுரண்டினாள். கடைசியில் முதுகில் பதிவு எண் மட்டும் மிஞ்சியது. தராசும் சரியென்றது. அதற்குள் எல்லோரும் பறக்கவிட்டு முடித்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டில் சங்கரநாராயணனுக்கு இந்த எண் அறவே பிடிக்கவில்லை. அதுவரையில் அவர் ட்ரோனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது வெள்ளை எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் இல்லாமல் இல்லை. மாமி அசிஸ்டென்ட்டாகவே தேங்கிக் கிடந்து, எத்தனையோ வருஷம் கழித்து, இப்போதுதான் செக்‌ஷன் ஆபீசர் பதவி உயர்வுக்கு அவள் பெயர் போயிருந்தது. மார்ச் மாதம் கமிட்டி கூடுகிறது. ஓய்வு பெற அதிக காலம் இல்லை. இந்தத் தடவை விட்டால் இனி இல்லை. செக்‌ஷன் ஆபீசர் என்றால் மூன்றாவது மாடி. ஜன்னல் உள்ள அறை. மாமி ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அங்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நாவல் மரம் இருந்தது.

"ஒரு போலீஸ் கம்ப்ளைன்ட் வந்தாப் போறும் ஹம்சா. விஜிலன்ஸ்ல கிளியரன்ஸ் தர மாட்டா. உன் பேர் சீல் வெச்ச கவருக்குள்ள போயிடும். அப்புறம் நீ ரிட்டயர் ஆறவரைக்கும் யாரும் அதைப் பிரிக்க மாட்டா" என்றார். "ஏதோ உள்ளுக்குள்ள எழுதியிருந்தது. இப்போ ஊரெல்லாம் படிக்கற மாதிரி எழுதிண்டு அலையணுமா? மார்ச் வரைக்கும் பரண்ல போடேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது மாமிக்கே தெரியும். சரி என்றுதான் சொன்னாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகாமல்கூட இருந்தாள். மூன்றாவது வாரம் கை அரித்தது.

அன்று மூடுபனி விலகி வெயில் வந்த கையோடு மேற்கிலிருந்து காற்றும் கிளம்பியது. சர்தார்ஜி வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் மாமி ஏற்றிவிட்டாள். மேலே போய் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தள்ளாடியது. "நில்லுடா" என்றாள். நிற்கவில்லை. சூளையைத் தாண்டி, கோதுமை வயலைத் தாண்டி, ஊர்ப் பக்கம் போயிற்று. மாமி கட்டைவிரல் வலிக்கத் திருப்பி இழுத்துப் பார்த்தாள். போனில் ஒரு மொட்டை மாடி தெரிந்தது. கூந்தலை விரித்து உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி அண்ணாந்து பார்த்து, துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் ஒரு குட்டை. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஷ்ரவணும் மாமியும் வரப்பு வழியே நடந்து ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது குட்டைக்கரையில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் கொஞ்ச நாளாகவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இரவில் ட்ரோன் வந்து வீடுகளை நோட்டம் பார்க்கிறதாம், பிறகு திருடர்கள் வருகிறார்களாம். யாரும் திருடனைப் பார்க்கவில்லை, ஆனால் ஊரே முறைவைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் பட்டப்பகலில் ஒன்று குட்டையில் வந்து விழுந்தால் கேட்க வேண்டுமா?

நடுவில் ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவன் பெயர் ராஜ்வீர் என்று கூட்டத்தின் சத்தத்தில் இருந்தே தெரிந்தது. அந்த ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஊரில் ட்ரோன் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அதனால் இதுவும் அவனுடையதுதான், அவன்தான் பெண்களை எட்டிப் பார்க்கிறான், திருடர்களுக்குத் தகவல் சொல்கிறவனும் அவன்தான் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்திருந்த கான்ஸ்டபிள் ஒருவர் கையில் ட்ரோனைப் பிடித்திருந்தார். எருமை புரண்ட சேற்றில் விழுந்ததால் அது ஒரு மண்ணாங்கட்டியாகத்தான் இருந்தது. ஓர் இறக்கை முறிந்து தொங்கியது. முதுகில் எண் இருந்த இடத்தில் சேறு அப்பியிருந்தது.

ஷ்ரவண் மாமியின் கையைப் பிடித்து நிறுத்தினான். குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, சலோ, போயிடலாம். கீச்சட்... சேத்துல நம்பரே தெரியல. உங்களோடதுன்னு யாருக்கும் தெரியாது. அங்கிள் சொன்னதை நினைச்சுப் பாருங்க. அந்த ஆளை எப்படியும் விட்டுடுவாங்க" என்றான்.

மாமிக்குக் கமிட்டி கண்முன் வந்தது, கணவர் வந்தார், மூன்றாவது மாடி வந்தது. பொய் சொல்வானேன், திரும்பிவிட்டாள். ஷ்ரவணோடு பத்தடி நடந்தும் விட்டாள். நடக்கும்போது பின்னால் ஓர் அறை விழுகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து ராஜ்வீரின் குரல் கேட்டது. அழுகிற குரல்.

"இது என்னோடதுன்னு எதுல எழுதியிருக்கு? காட்டுங்க. எதுல எழுதியிருக்கு?"

மாமி நின்றாள். ஷ்ரவண் கையை இழுத்தான். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். யாரையும் இடிக்காமல், "ஜரா ஹட்டியே, ஜரா ஹட்டியே" என்று வழி கேட்டுக்கொண்டே போய்க் கான்ஸ்டபிள் முன்னால் நின்றாள்.

அது தன்னுடையது என்றாள்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். கணவரின் பழைய ஸ்வெட்டரும், நெற்றியில் குங்குமமும், தலையில் மஃப்ளருமாக நின்ற ஐம்பத்தெட்டு வயது மதராஸி மாதாஜி ட்ரோன் விடுகிறாளாம். ராஜ்வீரின் அம்மா யாரையோ கூட்டிவந்திருக்கிறாள் என்றார் ஒருவர். எத்தனை கொடுத்தான் என்று இன்னொருவர் கேட்டார். கான்ஸ்டபிள் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் நல்ல மனசு தெரிகிறது, இது உங்களுக்கு வேண்டாத வேலை, வீட்டுக்குப் போங்கள் என்றார். ராஜ்வீரை வண்டியில் ஏறச் சொன்னார்.

மாமி ஒரு பொய்யும் சொல்லாமல் அப்படியே போயிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. ஷ்ரவண் தூரத்தில் நின்று இதைத்தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒருத்தி ஈரக் கூந்தலோடு நின்றிருந்தாள். மாமிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளிடம் போய், நீ மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன், வேண்டுமென்று வரவில்லை, காற்று தள்ளிவிட்டது, தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு என்று தன் ஆபீஸ் இந்தியில் சொன்னாள். "பச்சைத் துப்பட்டா எடுத்து முகத்தை மூடிண்டியே" என்று தமிழிலும் வந்துவிட்டது, மறுபடி இந்தியில் சொன்னாள். அந்தப் பெண் தன் தோளில் கிடந்த பச்சைத் துப்பட்டாவை ஒரு தரம் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

மாமி அவளிடமே ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள். அவள் போய்க் கொண்டுவந்தாள்.

கான்ஸ்டபிள் என்ன நினைத்தாரோ, ட்ரோனை மாமியின் கையில் கொடுத்தார். மாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரைக் கொஞ்சமாகச் சாய்த்து, கட்டைவிரலால் தேய்த்தாள். ஸ்வெட்டர் கை முழுதும் சேறாயிற்று. சாம்பல் நிறம் தெரிந்தது. பிறகு வெள்ளையாக ஓர் எழுத்து வந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. மாமி எழுந்து நின்று, போனைத் துழாவி எடுத்து, பதிவுப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அதில் அவள் படம் இருந்தது, பெயர் இருந்தது, ஆர்.கே.புரம் விலாசம் இருந்தது, எண் இருந்தது.

கான்ஸ்டபிள் போனை ஒரு கையிலும் ட்ரோனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்து ஒத்துப் பார்த்தார். ஊரே கழுத்தை நீட்டிக் கேட்டது. ராஜ்வீரின் காலரைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று யாரும் கவனிக்கவில்லை. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு மாமியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி எழுத்தில் கான்ஸ்டபிள் நின்றுவிட்டார். அதன் வளைவுக்குள் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அவர் மாமியின் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். அதன் கீழே வேலை என்ற இடத்தில் மத்திய அரசு என்று இருந்ததையும் பார்த்திருக்க வேண்டும். நல்ல மனுஷர். குரலை இறக்கி, கடைசி எழுத்து தெரியவில்லை மேடம், தெரியாத எண்ணை நான் எப்படி எழுதிக்கொள்வது, இத்தோடு விட்டுவிடுவோம், நீங்கள் கிளம்புங்கள் என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ, அப்படியானால் இது இந்தம்மாளுடையது என்பதும் நிச்சயமில்லையே என்று ஆரம்பித்தார். ராஜ்வீர் திரும்பிப் பார்த்தான்.

"இருங்கோ" என்றாள் மாமி. தோளில் புடவைத் தலைப்பைக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். ட்ரோனைத் திரும்ப வாங்கி, வெயில் படும்படி சாய்த்து, கடைசி எழுத்தின் வளைவில் இருந்த சேற்றை ஊக்கின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள், வாயால் ஊதினாள், பிறகு அதை அவர் நேராகப் படிக்கிற மாதிரி திருப்பிப் பிடித்தாள்.